சைவ வீடு

ஹாலில் ஓர் இடுக்குகூடக் காலியில்லை. காலண்டருக்குப் பின்னாலும் போட்டோவுக்குப் பின்னாலும் பெரிய பல்லிகள் குடியிருந்தன. பாத்ரூம் ஈரத்தில் கிடந்த பல்லி, கடைசியில் டியூப்லைட்டிடம் வந்து இடம் கேட்டது.

"வாடகை கம்மிதான். ஆனா இது சைவ வீடு. என்கிட்ட வர்ற பூச்சிங்க மேல வாயை வைக்கக் கூடாது," என்றது டியூப்லைட்.

இதையும் விட்டால் வேறு இடமில்லை. "நானும் சைவந்தாங்க," என்றது பல்லி.

பூச்சிகள் அதன் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தன. பல்லி வாயை இறுக்க மூடிக்கொண்டது.

மழைக்காலம் முடிந்ததும் பாத்ரூமிலிருந்து இன்னொரு பல்லி இடம் கேட்டு வந்தது.

"இது சைவ வீடு. இப்ப இருக்கிறவர் தங்கமானவர். சத்தமே கிடையாது. பின்னாலதான் இருக்கார், வேணும்னா விசாரிச்சுக்கோ," என்றது டியூப்லைட்.

புதுப் பல்லி எட்டிப் பார்த்தது. பழைய பல்லி சருகாகக் காய்ந்து சுவரோடு ஒட்டியிருந்தது.

"நானும் சைவந்தாங்க," என்றது புதுப் பல்லி.