கைமாறிய கேஸ் கட்டு

"எங்கப்பா பொய் சொல்றாரா, வக்கீல் ஆன்ட்டி?"

மூன்று நாட்களுக்கு முன், அரசுத் தரப்பின் பதில் மனு வந்த அன்று, இந்த நாட்டில் அடைக்கலம் கேட்டு வழக்குப் போட்டிருந்த வெல்டரின் ஏழு வயது மகள் கேட்ட கேள்வி அது. அவள் கையில் ஒரு பென்சிலைத் திணித்து அனுப்பிவிட்டாள் வக்கீல்.

இன்று வெல்டர் தனியாக வந்திருந்தார்.

"வியாழக்கிழமை விசாரணை, மேடம். அடைக்கலம் கிடைக்கலேன்னா நானும் பொண்ணும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்க மலையோரக் கிராமத்துல கால் வெச்சா அந்தக் கும்பல் என்னை விட்டுடுமா? என் தம்பியை விட்டுச்சா?"

அரசுத் தரப்பு புதிதாகத் தாக்கல் செய்திருந்த பதில் மனு மேஜைமேல் கிடந்தது. 'மலையோரக் கிராமங்களில் கும்பல்களின் ஆட்டம் ஓய்ந்துவிட்டது, திரும்பிச் செல்வோருக்கு ஆபத்தில்லை என ஒரு பல்கலைக்கழக ஆய்வு கூறுகிறது. எனவே மனுதாரர் சொல்வது நம்பத்தக்கதல்ல.'

"யாரோ ஒரு படிச்ச மகராசன் ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதிட்டான்" என்றார் வெல்டர். "நீங்களும் வக்கீலாகறதுக்கு முன்னாடி பத்து வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்கதானே? கோர்ட்ல அந்தாளை நார் நாராக் கிழிச்சிட மாட்டீங்க?"

அவள் அந்த மனுவைக் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தக் கேஸ்ல நான் ஆஜராகப் போறதில்லைங்க."

"விளையாடாதீங்க மேடம்" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"எதிர் ரூம் சீனியர் வக்கீல்கிட்ட பேசிட்டேன். என்னைவிட அனுபவசாலி. உங்ககிட்ட ஃபீஸ் வாங்க மாட்டார்."

"ஓ... ஜெயிக்காதுன்னு தெரிஞ்சதும் கழட்டி விடறீங்களா?"

"அப்படி இல்லைங்க..."

"வேற எப்படி? காரணத்தையாவது சொல்லுங்களேன்."

காரணத்தைச் சொல்ல வெட்கம் விடவில்லை. சீனியரின் விலாச அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வெல்டர் எழுந்தார். தீப்பொறி பட்டுத் தழும்பேறிய கைகளால் கேஸ் கட்டை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எம்பொண்ணு தினமும் ராத்திரி சாமிகிட்ட உங்க பேரையும் சேர்த்துச் சொல்லிட்டுத்தான் படுக்குது. இனிமே வேணாம்னு சொல்லிடறேன்."

அவர் போனதும் குமாஸ்தா உள்ளே வந்தார். "ஆறு மாசமா உயிரைக் குடுத்த கேஸும்மா. தோத்தாக்கூடப் பரவாயில்லை. பயந்து ஓடிட்டாங்கன்னு பேர் வந்துடும். கோர்ட் கேன்டீன்ல நம்ம தலையைத்தான் உருட்டுவாங்க."

"உருட்டட்டும். நீங்க வீட்டுக்குக் கிளம்புங்கண்ணே."

"என்னமோ போங்க" என்று முனகியபடி அவர் படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு நிமிடம் கைகூப்பி உட்கார்ந்தாள். கடவுளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பேனாவைப் பிடிக்கத் தைரியம் மட்டும் கேட்டாள். பிறகு, சீனியர் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய சாட்சி வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினாள்.

'மேற்படி ஆய்வின் முடிவு தவறானது. மழையில் பாலம் உடைந்திருந்ததால், ஆய்வாளர் அந்த மலையோரக் கிராமங்களில் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. அடிவாரத்து விடுதியில் தங்கி, மூன்று அதிகாரிகள் சொன்னதை மட்டும் கேட்டு எழுதினார்.'

ஒரே வழக்கில் ஒருவரே வக்கீலாகவும் சாட்சியாகவும் நிற்க முடியாது.

கடைசி வரியை எழுதிக் கையெழுத்திட்டாள்: 'இவை யாவும் எனக்கு நேரடியாகத் தெரியும். அந்த ஆய்வை எழுதியவள் நான்தான்.'