மஞ்சள் தட்டு

மூன்று வருஷத்துக்குப் பிறகு மகள் வந்திருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் எதிர்வீட்டு டெய்லரம்மாவிடம் காட்டாவிட்டால் நர்ஸம்மாவுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

"வா, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மகளுக்குக் காட்ட நினைத்திருந்த பக்கத்து ஏரியும் படகும் எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் போய்க்கொள்ளலாம்.

மகள் தயங்கினாள். புது இடம், கூச்சம் என்று நர்ஸம்மா நினைத்துக்கொண்டாள்.

வாங்க என்று சொல்லும்போதே டெய்லரம்மாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. இருக்காதா பின்னே! மாதத்தின் முதல் சனிக்கிழமை, அவள் வீட்டுக்கு மஞ்சள் தட்டு போகவில்லையே!

அந்த முதியோர் குடியிருப்பில் அறுபது வீடுகள், ஒரே சாப்பாட்டுக் கூடம். குடியிருப்பவர்களுக்கு வெள்ளைத் தட்டு, விருந்தாளிக்கு மஞ்சள். யார் மேஜையில் மஞ்சள் என்று பார்க்காமல் அங்கே ஒருவரும் முதல் கவளத்தை வாயில் வைப்பதில்லை.

நர்ஸம்மாவின் மேஜையில் ஒரு நாள்கூட மஞ்சள் வந்ததில்லை. பிள்ளை குட்டி இல்லாத டெய்லரம்மாவுக்கோ, மாதம் தவறாமல் முதல் சனிக்கிழமை ஒன்று. அதுவும் கூடத்தில் வைத்து அல்ல, வீட்டுக்கே போகும். வருகிறவளுக்குக் கூட்டம் ஆகாதாம். பின்பக்கம் காரை நிறுத்திவிட்டு அப்படியே உள்ளே போய்விடுவாளாம். யார் என்று கேட்டால், வேண்டப்பட்ட பொண்ணு என்பாள் டெய்லரம்மா. அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டாள்.

சரி, தட்டையாவது பின்பக்கமாக எடுத்துக்கொண்டு போகலாம் இல்லையா? ம்ஹூம். நர்ஸம்மாவின் வாசல் வழியாகத்தான் போகும். டெய்லரம்மாவே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, நடை பழகுகிறவள் மாதிரி மெதுவாகப் போவாள். என்ன கொழுப்பு!

அந்தச் சனிக்கிழமைகளில் நர்ஸம்மா வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. பத்து மணிக்கே வராந்தா நாற்காலியை எதிர்வீட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். எதிரே சமையலறை ஜன்னல், திரை போட்டு மூடியிருக்கும். ஒரு தடவையாவது அந்தப் பெண்ணின் மூஞ்சியைப் பார்த்துவிட வேண்டும். நாலு மணி வரைக்கும் வயிறு எரிய எரிய அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

அவள் பெற்ற மகளும் குத்துக்கல்லாட்டம் இருக்கத்தான் செய்கிறாள். அம்மாவுக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டதற்காக, இனிமேல் என் வாசப்படியை மிதிக்காதே என்று கத்தியதும் நர்ஸம்மாதான். கத்திய கையோடு வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே குடிவந்தாள். வேண்டாம் என்று சொன்ன வாய் எப்படி வா என்று கூப்பிடும்?

மஞ்சள் தட்டுதான் கூப்பிட வைத்தது. போன வாரம் பொறுக்கமாட்டாமல் போனை எடுத்து, முதல் சனிக்கிழமை வந்துட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வர்றேம்மா என்று கேட்டது.

இன்று மத்தியானம் அந்தத் தட்டை நர்ஸம்மாவே ஏந்தி, எல்லா மேஜையையும் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாள். மூலையில் டெய்லரம்மா வெள்ளைத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். நர்ஸம்மாவுக்குக் கண் குளிர்ந்துபோனது.

ஆனால் மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு வார்த்தைகூடச் சேர்ந்தாற்போலப் பேசவில்லை. இந்த ஒரு தடவையோடு சரியா, இன்னொரு முறை வருவாளா? கேட்க நர்ஸம்மாவுக்கு நாக்கு எழவில்லை.

டீ போடுகிறேன் என்று எழுந்த டெய்லரம்மா, முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். நீங்க இருங்க என்று மகள் எழுந்தாள். முக்காலியில் இருந்த காலித் தம்ளர்களையும் தண்ணீர்க் கூஜாவையும் எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

நர்ஸம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அந்தச் சமையலறைக் கதவு லேசில் வழிவிடாது. மழையில் உப்பிப்போய், மூட மூட இறுகிக்கொள்ளும். சரிபண்ண வந்த தச்சரே அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நர்ஸம்மா எத்தனையோ தடவை தள்ளிப் பார்த்துத் தோற்றிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் டெய்லரம்மாதான் எழுந்து வந்து திறந்துவிட வேண்டும்.

மகளுக்கு இரண்டு கையிலும் சாமான்.

அவள் நிற்கக்கூட இல்லை. முழங்கையால் கைப்பிடியைச் சற்று மேலே தூக்கி, அடிப்பக்கம் முட்டியால் ஓர் இடி. கதவு சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அவள் உள்ளே போனாள்.

டெய்லரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நர்ஸம்மா எழுந்தாள். மகள் பின்னாலேயே உள்ளே போனாள். சமையலறைக்குள் ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரே இடம் மட்டும் கைபட்டுக் கைபட்டு அழுக்கேறியிருந்தது. அந்த இடத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

எதிரே அவளுடைய வராந்தா. அவளுடைய நாற்காலி, இந்த ஜன்னலைப் பார்த்தபடி.

மகள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

"இங்கேருந்து நல்லாத் தெரியும்மா. நீதான் அசையாம உக்காந்திருப்பியே."