நகத்துக்கு ஒரு மாத்திரை

"கையை நீட்டுங்க."

நீட்டினாள்.

விரல்களின் மேல் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்க.

தாள் அசையவில்லை.

அசைந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. நோய் நிஜம்தான் என்றாவது ஆகியிருக்கும்.

பக்கத்து நாற்காலியில் அண்ணி பூங்கொடி, மடியில் மருத்துவமனைக் கோப்போடு. கீழ்த்தளத்தில் அண்ணனுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனுக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாக அவள் சொன்னது பங்குனியில். ரத்தம் பொருந்தியது. எல்லாமே பொருந்தியது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதுதான் அந்த அறிக்கை வந்தது. அவளுக்குத் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் ஆகலாம்.

அத்தனை மாதம் அண்ணன் தாங்குவாரா என்று யாரும் கேட்கவில்லை.

உறவில் வேறொன்று கேட்டார்கள்.

"நாள் நெருங்கினதும் கரெக்டா தைராய்டு வந்துடுச்சாமே?" போனில் சித்தி சிரித்தாள்.

அண்ணி அப்படிக் கேட்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இன்று காலை பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் நாடி பார்த்தார். கழுத்தில் விரல் வைத்து எச்சில் விழுங்கச் சொன்னார்.

"படபடப்பு உண்டா?"

"இல்லீங்க."

"எடை குறைஞ்சுதா?"

"கூடித்தான் இருக்கு."

டாக்டர் அறிக்கையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"ரிப்போர்ட் ஒண்ணு சொல்லுது. உங்க உடம்பு வேற சொல்லுதே."

பார்வை அவள் விரல்களுக்கு வந்தது.

"நகமெல்லாம் பளபளன்னு இருக்கு. இதுக்குன்னு ஏதாவது சாப்பிடுறீங்களா?"

கையை மடக்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு பரிசோதனையிலும் இதைக் கேட்டிருக்கிறார்கள். மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா? இல்லை என்றே சொல்லிவந்தாள். அது பொய்யென்று நினைக்கவில்லை. மாத்திரை என்றால் நோய்க்கு.

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

"ஜவுளிக்கடையில பட்டுப்புடவைப் பக்கம் நிக்கிறேங்க." தரையைப் பார்த்துச் சொன்னாள். "நகம் ஓரத்துல பிளந்து பிளந்து போச்சு. புடவையை விரிக்கிறப்ப நூலை இழுத்துடுது. சூப்பர்வைசர் திட்டுறார். கூட வேலை பாக்குற பொண்ணு ஒரு மாத்திரை சொல்லுச்சு. முடிக்கும் நல்லதுன்னுச்சு."

சொல்லி முடித்தபோது காதெல்லாம் சூடாகியிருந்தது. அண்ணன் கீழே கிடக்கிறார். இவள் நகத்துக்கு மாத்திரை தின்றிருக்கிறாள்.

"தினமுமா?"

"ஆமாங்க."

"இப்ப வச்சிருக்கீங்களா?"

கைப்பையைத் துழாவி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மேலே படத்தில் இடுப்புவரை கூந்தலோடு ஒரு பெண் சிரித்தாள். டாக்டர் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார்.

பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

"இதுல பயோட்டின்னு ஒரு சத்து இருக்கு. அளவும் ரொம்ப ஜாஸ்தி. உடம்புக்குக் கெடுதல்னு இல்ல. ஆனா சில ரத்த டெஸ்ட்டைக் குழப்பி விட்டுடும். தைராய்டு சரியா இருக்கிறவங்களுக்கும் கோளாறுன்னு காட்டும்."

"அப்ப எனக்கு?"

"இதை நிறுத்துங்க. அடுத்த வாரம் திரும்ப ரத்தம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

அண்ணி திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டாள்.

அந்த வாரம் கடையில் அவள் கை தன் பாட்டுக்குப் புடவைகளை மடித்தது. விலை கேட்டவர்களிடம் இரண்டு முறை தப்பாகச் சொன்னாள். குழப்பியது மாத்திரையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த வாரம் டாக்டர் அவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நார்மல். எல்லாமே நார்மல். ஆபரேஷனுக்கு நாள் பாக்கச் சொல்லிடுறேன்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அதையும் மீறி வந்தது.

 

கீழே போய்ச் சொன்னார்கள். குழாய் செருகிய கையை அசைக்காமல் அண்ணன் கேட்டார்.

"நெசமாவா?"

அவள் தலையாட்டினாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே நடைவழியில் அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். முன்னும் பின்னும் பார்த்தாள். யாருமில்லை.

"எழிலு."

அண்ணி அப்படிக் கூப்பிட்டு நாளாகியிருந்தது.

"இப்பக்கூட உனக்கு மனசில்லன்னா சொல்லிடு. டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன். உடம்பு ஒத்துக்கலன்னு ஏதாவது சொல்லிடுவாங்க. உங்கண்ணன்கிட்ட மூச்சு விடமாட்டேன்."

அண்ணி அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதை இத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. இருவரும் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"பசிக்குது அண்ணி," என்றாள். "கேன்டீன்ல பொங்கல் தீர்ந்துடும். சாப்பிட்டுட்டுப் போய் ஆபரேஷனுக்கு நாள் கேப்போம். வாங்க."

அண்ணி நகரவில்லை.

அவள்தான் இழுத்துக்கொண்டு நடந்தாள்.