நான்காவது மேசை

தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஆணியில் இரண்டு வெள்ளைக் கோட்டுகள். ஒன்று அவளுடையது. மற்றது இந்த வருடம் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த சொர்ணவல்லியுடையது.

சொர்ணவல்லியின் கோட்டுப் பைக்குள் அதை வைத்தாள்.

ஒரு கால்விரல். பஞ்சில் சுற்றியிருந்தது. பெருவிரலுக்கு அடுத்தது. மெட்டி கிடந்த தடம் இன்னும் போகவில்லை.

அறுத்ததும் அவள்தான். உடற்கூறு கூடத்தின் நான்காவது மேசையில் கிடந்த பெண்ணைத் தேடி யாரும் வரவில்லை. அந்தப் பெண்ணின் இடது கால், அறுத்துப் படிக்க அவளுக்கும் கூடப் படிக்கும் பத்மநாபனுக்கும் பங்காக வந்திருந்தது.

போன வருடம் வகுப்பில் நாற்காலி மேல் போட்டிருந்த அவளுடைய கோட்டுப் பையில் ஒரு காது இருந்தது. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கத்தவில்லை. காதை மேசையில் வைத்துவிட்டுப் பாடத்தைக் கவனித்தாள்.

அதன் பிறகுதான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க இடம் கொடுத்தார்கள்.

விடுதிக்குப் போய் வாந்தி எடுத்தது அவர்களுக்குத் தெரியாது.

இன்று காலை பத்மநாபன் சொன்னான்.

"லேடீஸ் ரூமுக்குள்ள நாங்க போக முடியாது. நீ போலாம்ல? நீதான் நம்ம செட்டாச்சே."

இந்த அறை முன்பு கிடையாது. அவளுக்கு முன்னால் இங்கே படித்து, மாடிப்படிக்கு அடியில் நின்று துணி மாற்றிய ஒருத்தி, மனு மேல் மனு எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன அறை.

முதலில் அறையை மட்டும் கொடுத்தார்கள். தாழ்ப்பாளுக்கு இன்னொரு மனு.

இப்போது இதற்குள் வருபவர்கள் இரண்டே பேர்.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, நாந்தான்."

திறந்தாள். சொர்ணவல்லி உள்ளே வந்து மறுபடி தாழ்ப்பாளைப் போட்டாள். கோட்டை மாட்டிக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் செருப்புகள் உரசின. யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

சொர்ணவல்லியின் கை பைக்குள் போனது.

பஞ்சைப் பிரித்தாள்.

அவளும் கத்தவில்லை.

உதடு வெளுத்தது. விரலைப் பார்த்தாள். அதிலிருந்த தடத்தைப் பார்த்தாள். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை உருவி, அதில் வைத்து மடித்தாள்.

யார் வைத்தது என்று கேட்கவில்லை.

"எந்த மேசையோடதுன்னு தெரியுமாக்கா? இது இல்லாமலே பொதைச்சிருவாங்கல்லா."

அவள் ஆணியிலிருந்து தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வெளியே சிரிப்பு நின்றிருந்தது.

"சரி, ஒவ்வொண்ணா பாத்துருவோம். வாங்க."

சொர்ணவல்லி தாழ்ப்பாளை நீக்கி, மூத்தவளுக்கு வழிவிட்டு நின்றாள்.

அவள் முன்னால் நடந்தாள். வராந்தாவில் பத்மநாபன் ஏதோ கேட்டான். அவள் திரும்பவில்லை.

கூடத்தில் எட்டு மேசைகள்.

முதல் மூன்றில் அவள் நிற்கவில்லை.