ஏழாவது முறை துடைக்கவில்லை

பித்தப்பை ஆபரேஷனில் சின்னத் துளை வழியாக வயிற்றுக்குள் விடும் கேமராவைப் பிடிப்பதும் துடைப்பதும் என் வேலை. அதன் குளிர்ந்த முனைக் கண்ணாடி சூடான வயிற்றுக்குள் போனதும் ஆவி படியும். வெளியே எடுத்து, வெந்நீரில் முக்கி, இடமிருந்து வலமாக மூன்று முறை துடைப்பேன். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

அன்று ஆறு தடவை துடைத்தும் திரையில் படம் மங்கியது.

"துடைக்கக்கூடத் தெரியாதா உனக்கு?" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

ஏழாவது தடவை மங்கியபோது நான் கேமராவை எடுக்கவில்லை.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? வெளிய எடு!"

"மாட்டேன் சார். மரியாதையா கேளுங்க, எடுக்கிறேன்."

அவர் கையை நிறுத்திவிட்டு முறைத்தார். நானும் முறைத்தேன். மயக்க மருந்து டாக்டர்தான் திரையைக் காட்டினார். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. இடமிருந்து வலமாக, மூன்று முறை. படம் பளிச்சென்று தெரிந்தது.

"யாரு... துடைச்சது?" டாக்டர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"யாரா இருந்தா என்ன சார்? தேங்க்ஸ் சொல்லுங்க. எனக்குத்தான் ஒருநாளும் சொன்னதில்ல."

அவர் திரையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

யாரோ மிக அருகில் வந்து ஊதியதுபோல் கண்ணாடி வெளுத்தது. பிறகு, முன்னைவிடப் பொறுமையாக, மூன்று முறை துடைக்கப்பட்டது.