நடுக்கடல் வேண்டுதல்

“அந்த மனுஷன் செத்துட்டா, நான்தான் கொன்னவன்.”

திலக்ஷன் இதைச் சொன்னதும் துஷானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டி ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே வாங்கில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவர்களுடைய அம்மா வடிவம்மா, வயிற்றுக் கட்டியோடு மயக்கத்தில் கிடந்தாள்.

“அண்ணே, நீங்க தூங்கி எத்தன நாளாச்சு? என்னா பேசுறீங்க?”

“நெசமாத்தான். யாருக்காச்சும் உசுருக்கு ஆபத்து வரணும் சாமின்னு வேண்டினேன். அப்பிடியே நடந்துடுச்சு.”

திலக்ஷன் உல்லாசக் கப்பலில் சாப்பாடு பரிமாறுகிறவன். அவர்கள் குடியிருக்கும் கண்டி மஹய்யாவயில் வடிவம்மாவைக் கேட்டால், கப்பலையே அவன்தான் ஓட்டுகிறான் என்று சொல்வாள். அப்பேர்ப்பட்ட மகனின் முகத்தைப் பார்க்காமல் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். நாள் தள்ளினால் ஆபத்து என்று டொக்டர் சொன்னது அவள் காதிலேயே ஏறவில்லை.

நல்லவேளையாகக் கப்பல் கொழும்புக்கு வருவதாக இருந்தது. ஆனால் தாக்குதலுக்குப் பயந்து செங்கடல் பக்கம் போகாத சரக்குக் கப்பல்கள் எல்லாம் கொழும்பில் வந்து குவிய, உல்லாசக் கப்பலுக்கு நிற்க இடமில்லாமல் போனது. கப்டன் கொழும்பை வெட்டிவிட்டு நேரே சிங்கப்பூருக்கு விட்டார்.

“லீவு கேட்டிருக்கலாமே, அண்ணே?”

“நடுக்கடல்ல லீவு குடுத்தா நீந்தியா வாறது? கப்பல் திரும்ப ஒரே ஒரு வழிதான் இருந்துச்சு. ஒரு உசுரு ஆபத்துல இருந்தா, துறைமுகத்துல இடமில்லாட்டியும் கப்பல் கரைக்கிட்ட வரலாம். வெளியில நிப்பாட்டினா படகு வந்து நோயாளிய எறக்கிக்கிட்டுப் போகும். கடல் சட்டம் அது. கப்பல்ல எல்லாருக்கும் தெரியும்.”

“அதுக்காக அப்பிடியா வேண்டுவாங்க?”

“புத்தி கெட்டுப் போச்சு. ஆயிரம் பேருல எவனோ ஒருத்தன், முன்னப்பின்ன தெரியாதவன்னு நெனச்சேன். கடவுள் யாரப் புடிச்சாரு தெரியுமா? மகேந்திரராசா ஐயாவ!”

மகேந்திரராசா யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். கப்பல் ஏறிய நாளில் இருந்து திலக்ஷன் பரிமாறும் மேசையில்தான் சாப்பிடுவார்.

“அன்னைக்கு அவருக்கு டீ ஊத்தும்போது கண்ணு கலங்கிடுச்சு. என்னடா தம்பின்னாரு. அம்மா கதையச் சொன்னேன். ‘நீ சாப்பிட்டியோ?’ன்னு மட்டும் கேட்டாரு. அப்பிடிப்பட்ட மனுஷன், மறுநாள் காலையில நெஞ்சப் புடிச்சிக்கிட்டுச் சரிஞ்சிட்டாரு. கப்பலும் கொழும்புக்குத் திரும்பிடுச்சு.”

துஷானி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கப்டனோட இங்கிலீஷ்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசினவரு. வலி வந்ததும் இங்கிலீஷே மறந்துடுச்சு. கப்பல் டொக்டர் என்னா கேட்டாலும் தமிழ்லதான் முனகினாரு. மொழிபெயர்க்க ஆள் வேணும்னுதான் என்னையும் படகுல ஏத்தினாங்க.”

“பாவம். நீங்க கூட இருந்திருக்கீங்கதானே?”

“எங்க இருந்தேன்? கொழும்பு ஆஸ்பத்திரியில சேர்த்ததும், ‘நீ அம்மாட்டப் போ’ன்னாரு. ஒரு பேச்சுக்கு மாட்டேன்னுகூட சொல்லல துஷா, ஓடி வந்து கண்டி பஸ் ஏறிட்டேன். நேத்துல இருந்து போன் போடுறேன், எடுக்கவே இல்ல.”

அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அம்மா பிழைக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடக்கூட அவனுக்குப் பயம். போன தடவை கும்பிட்டதற்கே இந்தக் கதி.

தியேட்டர் கதவு திறந்தது. நேர்ஸ் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு சிரித்தாள்.

“கட்டிய எடுத்தாச்சு. அம்மா நல்லா இருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்தான்.”

துஷானி விம்மி அழுதாள். திலக்ஷனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் யாரிடமோ பறித்தது மாதிரி நெஞ்சில் குத்தியது. அவன் சுவரோடு சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“அம்மா எப்பிடியடா?”

பழக்கமான குரல். திலக்ஷன் கையை எடுத்துப் பார்த்தான். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்று காவலாளி மறித்ததால், மூன்று மாடியும் படியேறி வந்து நின்றார் மகேந்திரராசா. கையில் ஒரு பை திராட்சை.

“ஐயா! நீங்களா? போன் எடுக்கவே இல்லயே!”

“அவதியில போனைக் கப்பல்லயே விட்டிட்டன். சொல்லு, அம்மா எப்பிடி?”

“பொழச்சிட்டாங்க ஐயா. ஆனா உங்களுக்கு இப்பிடி ஆனது என்னாலதான். யாருக்காச்சும் வரணும்னு நான் வேண்டினேன். அது உங்க தலையில விடிஞ்சிடுச்சு. என்னைய மன்னிச்சிடுங்க.”

காலில் விழப் போனவனை அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். திராட்சைப் பையைத் துஷானியிடம் நீட்டினார்.

“இப்ப நெஞ்சு எப்பிடி இருக்கு ஐயா?”

நேர்ஸ் போய்விட்டாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கப்பலைத் திருப்ப, நெஞ்சுவலியை விட்டா வேற வருத்தம் நடிக்க எனக்குத் தெரியேல்ல, தம்பி.”