யார் வீட்டு ஆள்?

அந்த ஆள் இன்றைக்கும் பையன்களை எண்ணிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பரீட்சைக்கு வரிசையில் போகிறவர்களை உதடு அசைய எண்ணி, சின்ன நோட்டில் குறித்துக்கொண்டான்.

பரிமாறுகிற மேஜைக்குப் பின்னால் நின்ற செலா, பக்கத்தில் நின்ற சினாவை முழங்கையால் இடித்தாள்.

"சினா, அங்க பாரு. மறுபடியும் எண்ணுறான்."

"உங்க டோங்காத் தீவு ஆளுதானே? நீயே போய்க் கேளேன்."

"எங்க ஆளா? உங்க சமோவா ஆளுன்னுல்ல நான் நெனச்சுட்டிருக்கேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். ஆள் மாநிறம், தூண் மாதிரி உடம்பு, எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. யாரோ ஒரு பையனுக்கு மாமாவாக இருப்பான் என்று ஐந்து நாளாக எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை முதல்முதலாக வந்தபோது கையில் ஒரு பழுப்புக் கவர் வைத்திருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் ஒரு பெரிய வரிசை நின்றதால், செலாதான் தட்டை அவன் கையில் திணித்து, "மொதல்ல சாப்பிடு, பேச்செல்லாம் அப்புறம்" என்று அனுப்பினாள். வந்தவனை யாரென்று விசாரித்துவிட்டுச் சோறு போடுகிற வழக்கம் அவள் வீட்டில் கிடையாது. அந்தப் பாழும் வழக்கத்தை நினைத்து இப்போது தன்னையே நொந்துகொண்டாள்.

அமெரிக்காவில், தீவுக்காரர்கள் நிறையக் குடியேறிய வெஸ்ட் வேலியில் இந்த இலவச ஃபுட்பால் முகாம் ஐந்து நாள். காலையில் புத்தகம், அதற்கப்புறம்தான் பந்து. கடைசி நாள் கணக்குப் பரீட்சையில் தேறினால் மனாசேயைப் பள்ளி அணியில் மறுபடி சேர்ப்பதாக அவன் பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

மனாசே செலாவின் இளைய மகன். அணியில் இடம் இல்லையென்றால் சாயங்காலங்களில் அவன் எங்கே போய் நிற்பான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூத்தவனை அப்படித்தான் சிரித்த முகத்துக்காரன் ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். இப்போது மாதம் ஒரு தடவை சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்துவிட்டு வருகிறாள். அன்றிலிருந்து சிரிக்கிற ஆண்பிள்ளைகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"சினா, புதன்கிழமை வாசல்ல ஒரு கார் வந்து நின்னுச்சே, நீலத் தொப்பி ரவுடிப் பசங்க. இவன்தான் போய்க் குனிஞ்சு பேசினான். நான் கண்ணால பார்த்தேன்."

"அப்புறம்?"

"கார் போயிடுச்சு. பேரம் படிஞ்சிருக்கும். இவன் எண்ணிக் குடுப்பான், அவனுங்க வந்து அள்ளிட்டுப் போவானுங்க."

"அய்யய்யோ! முகாம் நடத்துற கோச் பெனிகிட்ட சொல்லலாம் வா."

"அவர் பரீட்சை ஹால்ல இருக்கார். நானே கேக்கறேன்."

கையிலிருந்த கரண்டியைக்கூட வைக்காமல் செலா மைதானத்தில் இறங்கினாள்; சினா பின்னாலேயே வந்தாள். சேம்பு இலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த ஆட்டுக்கறியை அவன் அப்போதுதான் ஆசையாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்தான்.

"சிரிச்சது போதும். நீ யாரு வீட்டு ஆளு?"

"நானா? நான்…"

"உன் பையன் எவன்? காட்டு பார்ப்போம்."

"என் பையன் யாரும் இங்க இல்லக்கா."

"மருமவன்? தம்பி?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "நான் டோங்காவும் இல்ல, சமோவாவும் இல்ல. மெக்ஸிகோக்காரன். பேரு ரமீரோ."

செலாவின் கரண்டி மேலே போனது. "கேட்டியா சினா! அஞ்சு நாளா நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்ம புள்ளைங்களையே வேவு பாத்திருக்கான். காருல வந்தவனுங்க உன் கூட்டாளிங்கதானே?"

"அவனுங்களா? இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுத்தா போலீசைக் கூப்பிடுவேன்னு சொல்லித் தொரத்தினேன்."

"கதை விடாதே. பின்பாக்கெட்ல என்ன கவர்?"

அவன் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு காணாமல் போனது. கை தானாகப் பின்னால் போய்க் கவரை மூடிக்கொண்டது. அது போதாதா செலாவுக்கு? வெடுக்கென்று உருவிவிட்டாள்.

ஐந்து நாள் உட்கார்ந்து உட்கார்ந்து கவர் நசுங்கி, ஓரமெல்லாம் தேங்காய்ப்பால் எண்ணெய் ஊறியிருந்தது. உள்ளே நகராட்சிப் பூங்கா அலுவலகத்தின் முத்திரையோடு ஒரே ஒரு தாள். செலா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'நூறு பேருக்கு மட்டுமே அனுமதி. கூடுதலாக ஒருவர் இருந்தாலும், இந்த உத்தரவை முகாம் தலைவரிடம் கொடுத்த நிமிடமே மைதானத்தையும் ஹாலையும் பூட்டவும்.' தேதி திங்கட்கிழமை.

உள்ளே போன பையன்கள் இருநூறுக்குக் குறைய மாட்டார்கள். அதில் ஒருவன் மனாசே. பரீட்சை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் கையிலிருந்த கரண்டி புல்லில் விழுந்தது.

"பூட்ட வந்த ஆளா நீ?" ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்போ… அஞ்சு நாளா ஏன் இதை யார்கிட்டயும் குடுக்கல?"

ரமீரோ தாளை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடித்து, பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டான். பாதிகூடக் காலியாகாத தட்டை அவள் முன்னால் நீட்டினான்.

"'மொதல்ல சாப்பிடு, பேச்செல்லாம் அப்புறம்'னு நீங்கதானே சொன்னீங்க? நான் இன்னும் சாப்பிட்டே முடிக்கலையேக்கா!"